தரையில் யாரும் இல்லை

யார் வீட்டுக்குப் போனாலும் ஷூவைக் கழற்றும்போது நான் குனிந்து தரையை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். ஷூ லேஸ் அவிழ்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு செய்வதால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. லேஸ் இல்லாத ஷூ போட்டுக்கொண்டு போகும் நாளில்தான் மாட்டிக்கொள்வேன். "டாடி இஸ் செக்கிங் தி ஃப்ளோர் அகெய்ன்" என்று மகள் ஆயிஷா சத்தமாகவே சொல்லிவிடுவாள். சென்ற மாதம் பக்கத்து ஊரான எடிசனில் ஒரு நண்பரின் புதுமனை புகுவிழாவில் இப்படித்தான் ஆயிற்று. நண்பர், நான் அவர் வீட்டு மரத்தரையின் தரத்தைச் சோதிக்கிறேன் என்று நினைத்து, எந்தக் கடையில் வாங்கியது, எந்த நாட்டு மரம் என்றெல்லாம் விவரிக்க ஆரம்பித்துவிட்டார். நானும் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அது சில்லென்று இருக்கிறதா இல்லையா என்பதுதான். ஏன் இந்தக் கிறுக்கு என்று வீட்டில் உள்ளவர்களைத் தவிர வேறு யாரிடமும் நான் இதுவரை சொன்னதில்லை.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு பேஸ்மென்ட் என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் வீடு கட்டும்போது பூமியைத் தோண்டி, வீட்டின் முழு அகலத்துக்கும் கீழே ஒரு கூடம் விட்டுவிடுவார்கள். கான்கிரீட் தரை, கான்கிரீட் சுவர், கூரையோரம் கையளவு ஜன்னல். பூமிக்குக் கீழே மனிதன் இறங்குவது ஒரே ஒரு தடவைதான் என்பது எங்கள் இளையான்குடிக் கணக்கு. இங்கே துணி துவைக்கத் தினமும் இறங்குகிறோம். 2003 கோடையில் மான்மவுத் ஜங்ஷனில் நாங்கள் வாங்கிய வீட்டில், முந்தைய சொந்தக்காரர் பேஸ்மென்டுக்குச் சுவரோடு சுவராக மணல் நிறத்தில் கார்ப்பெட் போட்டு, ஒரு சின்ன பாத்ரூமும் கட்டிவைத்திருந்தார். சூடு மட்டும் கிடையாது. அந்த வருடம் அக்டோபரில் என் அத்தா, அதாவது அப்பா, எங்களோடு ஆறு மாதம் தங்குவதாக இருந்தது. தங்கையின் பிரசவத்துக்காக அம்மா ஊரிலேயே நின்றுவிட்டார். அத்தா தனியாக வருகிறார்.

வீட்டில் மூன்று படுக்கையறைகள். ஒன்று எங்களுக்கு, ஒன்று ஆயிஷாவுக்கு, மூன்றாவதை நான் ஆபீஸ் அறையாக வைத்திருந்தேன். சென்னையில் இருக்கும் டீமோடு விடிந்ததும் கான்ஃபரன்ஸ் கால் இருக்கும். ஆகவே அத்தாவுக்குக் கீழே என்று முடிவாயிற்று. முடிவாயிற்று என்று எழுதுவதே தப்பு, நான்தான் முடிவு செய்தேன். "ஒங்க ஆபீஸ் ரூமக் கீழ கொண்டு போனா என்ன மச்சான்? மாமாவுக்கு அந்த ரூம்ல வெயில் வரும்ல?" என்று என் மனைவி ஜெரினா கேட்டாள். கீழே செல்போன் சிக்னல் கிடைக்காது என்றேன். அது உண்மைதான். கான்ஃபரன்ஸ் காலுக்கு லேண்ட்லைன்தான் பயன்படுத்துகிறேன் என்பதும் உண்மை. அத்தா ஓதுகிற சத்தம் அதில் விழுந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. அதை அவளிடம் சொல்லவில்லை, அவளாகப் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.

இதை ஈடுகட்டுவதற்காகவோ என்னவோ, பேஸ்மென்டுக்கு எந்த ஹீட்டிங் போடுவது என்பதை நான் ஒரு ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன். கம்பெனிக்கு சர்வர் வாங்கும்போது போடுவதுபோல் எக்செல் ஷீட் போட்டேன். இணையத்தில் முன்பின் தெரியாதவர்கள் தங்கள் பேஸ்மென்ட் குளிரைப் பற்றிப் புலம்பியதையெல்லாம் விடாமல் படித்தேன். மூலையில் வைக்கிற ஹீட்டர் ஆபத்து, சுவரோர மின்சார ஹீட்டர் தூசியைக் கருக்கி நாற்றம் அடிக்கும், கார்ப்பெட்டுக்குக் கீழே அடைத்திருக்கும் மெத்தை தடிமனாக இருந்தால் தரையிலிருந்து சூடு மேலே வராது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. மதிப்பெண் கூடப் போட்டேன். ஆபீஸில் இதைப் பார்த்த நண்பன் ஒருவன், "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கும்போதுகூட இவ்வளவு பண்ணிருக்க மாட்டே" என்றான். ஷீட்டில் எல்லாம் இருந்தது. அந்த அறையில் வசிக்கப்போகிறவர் எப்படி வசிப்பார் என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை.

அதைக் கேட்டவர் வால்ட். அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர், ஹீட்டிங், ப்ளம்பிங் இரண்டும் தனியாளாகச் செய்பவர். பூட்ஸுக்கு மேல் நீலநிறப் பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். வந்ததும் முழங்காலிட்டு, கார்ப்பெட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கி, கீழே இருந்த மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இங்கேயே மூலையில் இருக்கிறது, குழாய்கள் கூரையோடு ஓடுகின்றன. அவற்றில் நாலு வாய் திறந்துவிட்டால் சூடான காற்று வரும். சுலபமான வேலை. ஆனால் அது மேலிருந்து வரும் காற்று, சூடு மேலேயே நிற்கும், தரை குளிர்ந்துதான் கிடக்கும். இன்னொரு வழி, கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டுச் சூடாகும் கம்பி விரிப்பைப் போட்டு, மெல்லிய மெத்தை வைத்து மறுபடி மூடுவது. அப்போது தரையே சூடாக இருக்கும். "நீங்கள் இந்த அறையை எதற்கு வைத்துக்கொள்ளப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது" என்றார்.

"ஹோம் தியேட்டர்" என்றேன்.

அப்படிச் சொல்வேன் என்று அதற்கு முந்தைய நொடிவரை எனக்கே தெரியாது. வாயிலிருந்து அவ்வளவு சரளமாக வந்தது. இங்கே டிவி, அங்கே பெரிய சோபா என்று கையைக் காட்டி விளக்கவும் செய்தேன். அவர் விடவில்லை. "தரையில் யாராவது இருப்பார்களா? குழந்தைகள் விளையாடுவது, படுப்பது, உட்காருவது? எனி ஒன் கோயிங் டு பி டவுன் ஆன் தி ஃப்ளோர்?" என்று தெளிவாகக் கேட்டார். மனிதர் தொழில் தெரிந்தவர்.

"நோ. நோபடி" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத் தபாலில் வந்த தாளில் தட்டச்சு செய்தே இருந்தது. அறை: ஹோம் தியேட்டர். இருக்கை: சோபா. தரைப் பயன்பாடு: இல்லை. கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய காலம் அது, எங்களைப் போன்ற பெயருள்ளவர்கள் பயந்து கிடந்தோம் என்று நான் இங்கே எழுதினால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். அதனால்தான் அதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. பயம் இருந்தது உண்மை. விமான நிலையத்தில், ஆபீஸ் லிஃப்டில், பெட்ரோல் பங்கில் எல்லாம் இருந்தது. வால்ட் முன்னால் எனக்கு இருந்தது அது இல்லை, வெட்கம். என் தகப்பனார் தரையில் பாய் விரித்துப் படுப்பார், தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார், ஒரு நாளைக்கு ஐந்து வேளை தரையில் நெற்றியை வைப்பார் என்று அந்த நீலநிறப் பை மாட்டிய மனிதரிடம் சொல்லக் கூசியது. இதில் நான் தனியாள் இல்லை என்று ஒரு சின்ன ஆறுதல். எங்கள் தெருவிலேயே பேஸ்மென்டில் சாமி அறை வைத்திருக்கிற ஒரு நண்பர், கார்ப்பெட் போட வந்தவனிடம் அதை 'யோகா ரூம்' என்று சொன்னதாகச் சிரித்துக்கொண்டே என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். காலிங் பெல் அடித்ததும் தரையில் பரப்பிய வெங்காயத்தையும் அரிவாள்மணையையும் அள்ளிக்கொண்டு ஓடாத வீடு நம்மில் எத்தனை? நாம் தரையில் வாழ்ந்து பழகியவர்கள். இங்கே வந்து நாற்காலி உயரத்துக்கு நம்மைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறோம்.

இந்த வெட்கத்தை அமெரிக்காவின் தலையில் கட்டவும் முடியாது. திருச்சியில் பொறியியல் படிக்கும்போது, கூடப் படித்த ஒருவனை பெருநாள் விடுமுறைக்கு வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவன் அப்பா பெரிய அதிகாரி. எங்கள் வீட்டில் சஹனில்தான் சாப்பாடு. பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, நாலு பேர் தரையில் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாக எடுத்துச் சாப்பிடுவோம். அவன் அதைப் பார்த்து என்ன நினைப்பானோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அதே கவலை. அத்தாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடுவீட்டில் ஒரு மேசையும் நாலு நாற்காலியும் இருந்தன. தெருக்கோடி டீக்கடையிலிருந்து அத்தா இரவல் வாங்கி வந்திருக்கிறார். தனித்தனித் தட்டுகளில் பரிமாறினார்கள். அத்தா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, முழங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், பாதிச் சோற்றை மடியில் சிந்திக்கொண்டு சாப்பிட்டார். நண்பனுக்கு எதுவும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. நிம்மதியாகவும் இருந்தது, அதுதான் விஷயம்.

அக்டோபரில் அத்தா வந்து சேர்ந்தார். முப்பத்திரண்டு வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். கிராமத்துக் கிளையில் ஆரம்பித்துப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றார். அச்சடித்த தாள் எது கண்ணில் பட்டாலும் படிக்காமல் விடமாட்டார். கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவின் பின்பக்கம், சலவைத் தூள் பெட்டி, குப்பை எடுக்கும் நாட்களின் அட்டவணை எல்லாம் ஒரு வாரத்தில் படித்து முடித்தாயிற்று. பேஸ்மென்டைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், பள்ளிவாசல் மாதிரியே முழுக்க விரிச்சிருக்கியே தம்பி" என்றார். நான் வாங்கிப் போட்டிருந்த டிவியையும் சோபாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோபாவுக்கும் தண்ணீர் ஹீட்டருக்கும் நடுவே முசல்லா விரித்தார். தொழும்போது முகம் திருப்ப வேண்டிய மக்காவின் திசை, கிப்லா, ஊரில் மேற்கே. இங்கிருந்து வடகிழக்கு. அதனால் தொழுகை விரிப்பு எந்தச் சுவருக்கும் ஒத்துப்போகாமல் குறுக்காகக் கிடந்தது. படுக்கையும் கார்ப்பெட்டின் மேல்தான். கட்டில் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, "விழுந்தா எலும்பு முறியும், இதுன்னா விழ எடமில்ல" என்று சிரித்தார். கூரையில் நாலு வாயிலிருந்தும் சூடான காற்று உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. நவம்பர்வரை ஒரு குறையும் தெரியவில்லை.

டிசம்பரில் நிலம் உறைந்து இறுகிய பிறகு ஒரு நாள் ஜெரினா சொன்னாள். "மாமா இப்பல்லாம் சோபாவுல உக்காந்துதான் தொழுவுறாக. கவனிச்சியளா?"

நான் கவனிக்கவில்லை. இது மற்றவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். நோயாளிகளும் எழ முடியாதவர்களும்தான் உட்கார்ந்து தொழுவார்கள். எழுபது வயதிலும் நின்று, குனிந்து, நெற்றி பதித்துத் தொழுவதில் அத்தாவுக்கு ஒரு பெருமை உண்டு. ஊரில் அவர் வயதுக்காரர்கள் பள்ளிவாசலில் நாற்காலி போட்டுக்கொள்வதைக் கிண்டல்கூடச் செய்வார். கீழே போய்க் கேட்டேன். "முட்டு கொஞ்சம் புடிச்சாப்ல இருக்கு. வயசாகுதுல்ல" என்றார். டாக்டரிடம் போகலாமா என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ ஆபீஸ் வேலையப் பாரு" என்றார். படியேறும்போது மேல்படியில் உட்கார்ந்திருந்த ஆயிஷா, அப்போது ஆறு வயது, என் காதருகே வந்து ரகசியம்போல் சொன்னாள். "தாத்தாஸ் ஃப்ளோர் இஸ் ஐஸ் கோல்ட், டாடி. ஹி டோல்ட் மீ நாட் டு டெல் யூ."

அத்தா குளிக்கப் போனபோது நான் கீழே இறங்கி, முசல்லாவை விலக்கிக் கார்ப்பெட்டில் கையை வைத்தேன். பிறகு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு நெற்றியை வைத்தேன். சில நொடிகளில் மண்டைக்குள் வலித்தது. எழுந்து நின்றால் முகத்தில் இதமான காற்று. சோபா உயரத்தில் அமெரிக்கா, அதற்குக் கீழே எதுவுமில்லை. அத்தா இரண்டு மாதமாக இந்தக் குளிரில்தான் படுத்து எழுந்திருக்கிறார். விரிப்புக்கு அடியில் அவருடைய இரண்டு ஸ்வெட்டர்களும் ஒரு கைலியும் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

வால்டை அழைத்தேன். பேஸ்மென்ட் குளிர்கிறது, வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். சனிக்கிழமை மதியம் வருகிறேன் என்றார். அத்தாவிடமும் ஹீட்டிங்காரர் வருகிறார் என்று மட்டும்தான் சொன்னேன். அவர் வந்ததும் எதைச் சொல்வது என்பதை நான் யோசித்து வைக்கவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

வால்டைக் கூட்டிக்கொண்டு படியிறங்கியபோது கீழேயிருந்து கூட்டத்தின் ஆரவாரம் கேட்டது. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்கன் ஃபுட்பால். எதிரே சோபாவின் நட்ட நடுவில் அத்தா உட்கார்ந்திருந்தார். கைலி இல்லை, விமானத்தில் வந்தபோது போட்டிருந்த பேன்ட். வீட்டுக்குள் ஷூ. முசல்லா இல்லை, படுக்கை இல்லை, மடித்த ஸ்வெட்டர்கள் இல்லை. தலையில் தொப்பியும் இல்லை. தூங்கும்போதும் குளிக்கும்போதும் தவிர அத்தா தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அந்த வழுக்கைத் தலையில் கூரை விளக்கு விழுந்து, யாரோ ஒரு முன்பின் தெரியாத கிழவர் என் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரளும் அந்த ஆட்டத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ சார். வெரி குட் ஹோம் தியேட்டர்" என்றார் வால்டிடம்.

வால்ட் கைகுலுக்கினார், யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டார். அத்தா கொஞ்சம் யோசித்து, "போத்" என்றார். வால்ட் சிரித்துவிட்டு, துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியை எடுத்து அங்கங்கே குறிவைத்தார். சோபா உயரத்தில் எழுபத்தொரு டிகிரி ஃபாரன்ஹீட். கார்ப்பெட்டில் ஐம்பத்தேழு, ஊர்க் கணக்கில் பதினாலு டிகிரி. "சோபாவில் குறை இல்லையே. தரை இப்படித்தான் இருக்கும், அன்றைக்கே சொன்னேன். தரையில் யாரும் இல்லைதானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது எனக்கு நிச்சயமாக நினைவிருக்கிறது. அதற்குள் அத்தா முந்திக்கொண்டார். "நோ சார். நோபடி ஆன் தி ஃப்ளோர். வி ஆர் சிட்டிங் ஆன் சோபா ஒன்லி."

வால்ட் தரையைப் பார்த்தார். சோபாவுக்கும் தண்ணீர் ஹீட்டருக்கும் நடுவே, கார்ப்பெட்டில் ஒரு நீள்சதுரம் அமுங்கியிருந்தது, எந்தச் சுவருக்கும் பொருந்தாமல் குறுக்காக. அதன் நடுவில் இரண்டு முழங்கால்கள் அழுத்திய பள்ளம். தரைகளைப் பார்த்தே ஆயுளைக் கழித்த மனிதருக்கு அது தெரியாமல் இருக்குமா? அவர் நிமிர்ந்து அத்தாவைப் பார்த்தார், அப்புறம் என்னை. "என்றைக்காவது தரையைப் பயன்படுத்த வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடுங்கள். அரை நாள் வேலைதான்" என்று மெதுவாகச் சொன்னார். நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொன்னேன் என்று தெரியவில்லை, ஏதோ வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வாசல்வரை போனேன்.

திரும்பி வந்தபோது அத்தா டிவியை அணைத்துவிட்டு, சோபாவுக்குப் பின்னாலிருந்து முசல்லாவை இழுத்துக்கொண்டிருந்தார். தொப்பியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏன் அத்தா இதையெல்லாம் எடுத்து மறச்சீங்க? நான் சொல்லவே இல்லையே?"

"நீதான கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க தம்பி, அந்தத் தாள்ல. ஃப்ரிட்ஜ் மேல கெடந்துச்சு, படிச்சேன்" என்றார். குரலில் கோபமோ குத்தலோ துளியும் இல்லை. "இன்ஸ்பெக்சன்னு வந்தா தாள்ல உள்ளபடி இருக்கணும்ல? ஒண்ணச் சொல்லிட்டு இன்னொண்ணக் காமிச்சா அந்தாளுக்கு ஒம்மேல என்ன மரியாத இருக்கும்?" பிறகு சிறிய ஜன்னலை அண்ணாந்து பார்த்து, "அசர் தொழுகைக்கு நேரமாயிருச்சுல்ல?" என்று கேட்டார்.

வந்த அன்றோ மறுநாளோ அந்தத் தாளைப் படித்திருக்க வேண்டும். தன் மகன் தன்னை எப்படி எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று தெரிந்துகொண்டே அவர் இரண்டு மாதம் அந்தத் தரையில் படுத்திருந்தார். தரைப் பயன்பாடு: இல்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஒரு போன் செய்திருந்தால் போதும். அரை நாள் வேலை. மை ஃபாதர் ப்ரேஸ் ஆன் தி ஃப்ளோர். ரூட் ஒன் நெடுஞ்சாலை சிக்னலில் காரில் தனியாக இருக்கும்போது அதைச் சொல்லிப் பழகியும் பார்த்தேன். பிறகு ஆபீஸில் ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் வந்தது, அப்புறம் பனிப்புயல், அப்புறம் பிப்ரவரி. போன் மட்டும் போகவில்லை. பதிலாகக் கடையில் ஒரு மின்சாரப் போர்வை வாங்கி வந்து முசல்லாவுக்கு அடியில் விரித்தேன். அத்தா இரண்டு நாள் எனக்காக அதில் நின்றார். மூன்றாம் நாள் அழகாக மடித்து மூலையில் வைத்துவிட்டு, "கரண்ட் மேல நின்னு தொழுதா மனசு அல்லாகிட்ட நிக்க மாட்டேங்குது, ப்ளக்குலயே நிக்கிது" என்றார். என் ஆபீஸ் அறை அந்தக் குளிர்காலம் முழுக்க வெயிலோடு மேலே இருந்தது. மேசையை நானும் ஜெரினாவும் ஒரு மணி நேரத்தில் கீழே இறக்கியிருக்கலாம். அத்தா மார்ச்சில் விமானம் ஏறும்வரை சோபாவில் உட்கார்ந்தே தொழுதார். அதற்குப் பிறகு விசா முடியவில்லையே என்று எத்தனை முறை கூப்பிட்டாலும், "இந்த வருசம் வேணாந் தம்பி, பாப்போம்" என்பதே பதில்.

2006 மே மாதம் நாங்கள் ஊருக்குப் போனோம். போன மறுநாள் அத்தாவோடு அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுது முடித்து வெளியே வரும்போது முற்றத்தில் பெரியவர்கள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். வழக்கமான விசாரிப்புகள். பிறகு அத்தாவின் சிநேகிதர், அரிசி மண்டி வைத்திருந்த காதர் மாமா, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அத்தா வந்து எல்லாத்தையும் சொன்னாக. தொழுவுறதுக்குன்னே பூமிக்கடியில தனி ரூம் கட்டி, முழுக்க விரிப்பு விரிச்சு, தரைக்கு அடியில சூடு வச்சுக் குடுத்தியாமே? நெத்திய வச்சா எடுக்க மனசே வராதாம்ல?"

"இங்க தரையில கால வைக்க முடியல, அங்க போயித் தரையச் சுட வச்சிருக்கான் பாரு" என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "சும்மா இருங்க" என்று காதர் மாமா அவரை அடக்கினார். "நீயி சொல்லுத்தா. நெசமாவே தரையே சூடா இருக்குமா?"

நான் அத்தாவைத் தேடினேன். இரண்டடி தள்ளிக் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் காலடியிலேயே கிடந்தது. வால்டின் தாளில் அந்த அறை ஹோம் தியேட்டர், அங்கே தரையில் யாரும் இல்லை. இளையான்குடியில் அதே அறை ஒரு சின்னப் பள்ளிவாசல், அங்கே தரை எந்நேரமும் கதகதப்பாக இருக்கும். இந்த இரண்டு அறைகளில் எதுவும் என் வீட்டில் இல்லை. ஒன்றை நான் கட்டினேன், என் மானத்துக்காக. மற்றதை அத்தா கட்டியிருக்கிறார், அதுவும் என் மானத்துக்காக.

"ஆமா மாமா" என்றேன். "சூடாத்தான் இருக்கும்."

"அல்ஹம்துலில்லாஹ். புள்ளன்னா இப்படி இருக்கணும்" என்று காதர் மாமா என் தலையில் கை வைத்து துஆச் செய்தார். அத்தாவுக்குச் செருப்பு கிடைத்துவிட்டது. மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "வெயில்ல நிக்காம வா தம்பி" என்று முன்னால் நடந்தார். பகல் முழுக்கக் காய்ந்திருந்த முற்றத்துக் கல் என் பாதங்களைச் சுட்டுக்கொண்டிருந்தது. நான் காலை எடுக்காமல் அங்கேயே நின்றேன்.